ஒரே செடி எஞ்சியபோது

ஒரு தாவர இனம் பிழைத்துவிட்டது என்று எப்போது கூறலாம்? ஒரு செடி உயிரோடிருந்தால் போதுமா? இந்து சமுத்திரத்திலுள்ள றொட்றிகஸ் தீவின் அரிய பூஞ்செடியொன்று இதற்கு விடை தருகின்றது.

மொறீசியசுக்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது இத்தீவு. பரப்பளவு ஏறத்தாழ 108 சதுர கிலோமீற்றர். மக்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். "கபே மறோன்" என்று அவர்கள் அழைக்கும் செடி, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. காட்டுக் கோப்பி என்பது இப்பெயரின் பொருள். கோப்பியும், எமது முற்றங்களில் பூக்கும் வெட்சியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பூக்கள் வெண்மையானவை; நட்சத்திரம் போன்றவை.

இதன் இலைகள் விந்தையானவை. இளஞ்செடியில் அவை ஒடுங்கி நீண்டு, கபில நிறமாயிருக்கும். செடி உயர்ந்த பின்னரோ அகன்ற பச்சை இலைகள் தோன்றும். முன்னர் அங்கு வாழ்ந்த பெரிய ஆமைகளின் வாயிலிருந்து தப்பவே இந்த ஏற்பாடு என அறிஞர் கருதுகின்றனர். ஆனால் மனிதர் காடழித்ததையும், அவர்கள் கொண்டுவந்த ஆடுமாடுகளையும் இச்செடியால் தாங்க முடியவில்லை. இவ்வினம் அற்றுப்போயிற்று என்றே பல காலம் எண்ணப்பட்டது.

வகுப்பறையில் தொடங்கிய தேடல்

1980ஆம் ஆண்டளவில் அத்தீவின் ஆசிரியர் ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட இச்செடியின் படத்தைத் தமது மாணவருக்குக் காட்டினார். தன் வீட்டருகே இப்படியொரு செடி நிற்பதாக மாணவன் ஒருவன் கூறினான். அது கபே மறோன்தான் என்பது பின்னர் உறுதியாயிற்று. காட்டில் எஞ்சியதாக அறியப்பட்ட செடி அதுவொன்றே.

செய்தி பரவியதும் புதிய ஆபத்து வந்தது. மதுவினால் வரும் தலையிடிக்கும் வேறு நோய்களுக்கும் இது மருந்தென்ற நம்பிக்கை அங்கிருந்தது. ஆகவே பலர் கிளைகளை முறித்துச் சென்றனர். வேலியடித்தும் அது நிற்கவில்லை. மேலும் வேலிகள் போடவேண்டியதாயிற்று.

பூத்தும் காய்க்கவில்லை

1986இல் இதன் வெட்டுத்துண்டுகள் இங்கிலாந்திலுள்ள கியூ அரச தாவரவியற் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. அங்கு ஒரு துண்டு வேர்விட்டது. அதிலிருந்து பல செடிகள் உண்டாக்கப்பட்டன. அவை நன்கு பூத்தன. ஆனால் விதை உண்டாகவில்லை.

வெட்டுத்துண்டிலிருந்து வளரும் செடிகள் யாவும் தாய்ச்செடியின் மறுபிரதிகளே. தாயை அழிக்கும் நோய் அவை எல்லாவற்றையும் அழித்துவிடலாம். எனவே, நூறு செடிகள் நின்றாலும் ஒரு செடியே நிற்பதற்கு ஒப்பாகும். விதை உண்டானால்தான் புதிய தலைமுறை பிறக்கும்.

2003இல் அப்பூங்காவில் பணியாற்றிய ஸ்பானியரான கார்லோஸ் மக்டலேனா, பூவின் குறி எனப்படும் பாகத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் மகரந்தத்தை இட்டார். மீண்டும் மீண்டும் முயன்ற பின்னர் காயொன்று பழுத்தது. அதனுள் முளைக்கக்கூடிய விதைகள் இருந்தன. பின்னர், இம்முயற்சியிற் பெற்ற விதைகள் தாய்மண்ணுக்கே அனுப்பப்பட்டன.

கபே மறோன் இன்னும் மிக ஆபத்தான நிலையிலேயே உள்ளது. எனினும் அதற்கு இன்று சந்ததி உண்டு. அதற்கு வழி திறந்தது ஓர் ஆசிரியர் காட்டிய படமும், அதைக் கவனித்துப் பார்த்த ஒரு சிறுவனின் கண்களுமே.

வீட்டில் உரையாடுவதற்கு:

1. நம் ஊரில் முன்பு நிறையக் காணப்பட்டு இன்று அருகிவிட்ட செடி எது? வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டறியுங்கள்.

2. மருந்துக்கெனச் செடியொன்றை எடுக்கும்போது, அது மீண்டும் தழைக்க எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்?