கருங்காலி: மாலைக்கடைப் பேச்சும் பட்டறை உண்மையும்

கருங்காலி மாலை விற்பனை சூடுபிடித்த பிறகு அந்த மரத்துக்கு இல்லாத மகிமை இல்லை. அதை அறுத்துக் கடைகிறவர்களிடம் கேட்டால் பாதி அடிபட்டுப் போகும்.

நம்பிக்கை: தண்ணீரில் மூழ்கினால் அசல்.
உலர்ந்த கருங்காலியின் வைரம், அதாவது உள்மரம், ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். சில கட்டை மூழ்கும், சில மிதக்கும். செஞ்சந்தனமும் மூழ்கும். கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு கனமரமும் மூழ்கும்.

நம்பிக்கை: ஊறவைத்தால் செந்நிறம் இறங்க வேண்டும்.
எந்த மரத்திலிருந்து? இசைக்கருவி செய்பவர்கள் தேடுவது டயோஸ்பைரஸ் எபெனம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது, பீடி இலை தரும் மரத்துக்கு உறவு. சித்த மருத்துவத்தில் கருங்காலி என்ற பெயரில் வழங்குவதோ வேல மர இனம். வெற்றிலைக்குச் சேர்க்கும் காசுக்கட்டி அதன் வைரத்தைக் காய்ச்சி எடுப்பது. செந்நிறம் அந்தத் துவர்ப்புச் சத்துதான். மட்டமான சாயமும் நீரில் கரையும் என்பதால் இந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

நம்பிக்கை: மரம் முழுக்கக் கறுப்பு.
எபெனத்திலும் உள்ளே வைரம் மட்டுமே கறுப்பு, வெளிப்பகுதி வெளிறியிருக்கும். வைரத்திலும் பழுப்புக் கோடுகள் ஓடலாம். வயலின் விரற்பலகையில் அந்தக் கோட்டை மறைக்கச் சாயம் தடவுவது சகஜம்.

நம்பிக்கை: இரும்பு போன்றது, வெடிக்காது.
உலக்கைக்கு இதைத் தேடியது கடினத்துக்காக. ஆனால் கடினமும் வெடிக்காமையும் ஒன்றல்ல. வெட்டிய கட்டையின் இரு முனைகளிலும் ஈரம் விரைந்து வெளியேறும். நடுப்பகுதி மெதுவாகவே காயும். இந்த இழுபறியில் முனை பிளக்கும். அதனால் முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் பொறுமையாக உலர்த்துவார்கள். வெயிலில் காயவைத்தால் விலையுயர்ந்த விறகுதான் மிஞ்சும். ஆணியோ திருகோ ஏற்றுமுன் துளை போட்டாக வேண்டும். இழைப்புளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். இழை குறுக்கே ஓடும் இடத்தில் இழைத்தால் சில்லு பெயரும், அங்கே சுரண்டித் தகடுதான் கைகொடுக்கும். இத்தனைக்கும் கூலி கடைசியில் கிடைக்கிறது: உப்புத்தாள் தேய்ப்பிலேயே மேற்பரப்பு பளபளக்கும், வார்னிஷ் கேட்காது.

நம்பிக்கை: தீய கதிர்களை ஈர்க்கும்.
உலர்ந்த மரக்கட்டை எந்தத் தீய கதிரையும் ஈர்ப்பதில்லை. மணிக்கு விலை சொல்வதற்கு மட்டும் உதவும் கதை.

நம்பிக்கை: மூலிகை மரம், தீங்கே செய்யாது.
கருங்காலித் தூள் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தரும், மூச்சுக்குழாயையும் பாதிக்கும். கழுத்தில் போடுபவருக்கு அநேகமாகக் கவலையில்லை. நாள் முழுக்க மணி கடைகிறவருக்குத்தான் முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது.