சிறு கூண்டிலிருந்து பறவைக் கூடத்திற்கு



அடைபட்ட பறவைக்கு விடுதலை அளிப்பது புண்ணியம் என்பர் பெரியோர். ஆனால் வீட்டினுள் பிறந்து வளர்ந்த பறவையை ஒரே நாளில் வெளியில் கொண்டு விடுவது விடுதலை ஆகாது. வெயில், மழை, பகை ஆகிய மூன்றையும் அறியாத அந்தச் சிற்றுயிர் மடிந்துபோகவும் கூடும். அதனை முற்றத்தில் கம்பிவலை அடித்துக் கட்டிய பெரிய பறவைக் கூடத்திற்குப் படிப்படியாகப் பழக்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் வீட்டுப் பறவை எது?

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே பல வீடுகளில் இருப்பது ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கடைகளில் விற்கப்படும் சிறு கிளியே. இதன் சரியான பெயர் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். பட்ஜரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே இது பெருங்கூட்டமாய் நீரும் புல்விதையும் தேடிப் பறக்கும். ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர் 1840-இல் இதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். அதன்பின் உலகெங்கும் இது வீட்டுப் பறவையாயிற்று.

வறண்ட நாட்டுப் பறவைதானே, நம் வெயில் இதனை என்ன செய்யும் என்று கேட்கலாம். பரம்பரை வேறு, பழக்கம் வேறு. மின்விசிறியின் கீழ் வளர்ந்த பறவை வெயிலை அறியாது. சிறு கூண்டில் தத்தித் தத்தியே வாழ்ந்ததால் அதன் மார்புத் தசைகளும் வலுவிழந்திருக்கும்.

காலமும் இடமும்

சித்திரை, வைகாசி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இதற்கு ஏற்றவை அல்ல. பொங்கலுக்குப் பின் வரும் தை, மாசி மாதங்களே நல்ல பருவம். இறகு உதிர்க்கும் நாட்களில் பறவையை இடம் மாற்றலாகாது.

கூடத்தின் கம்பிவலைக் கண் அரை அங்குலத்திற்கு மேல் இருத்தல் கூடாது. இருந்தால் எலியும் பாம்பும் நுழையும். தரையைச் சிமெண்டினால் பூசுவது நலம். கூரையில் பாதியைக் கீற்றால் வேய்ந்து, மறுபாதியைக் கம்பிவலையோடு வெயிலுக்கு விடவேண்டும். வடகிழக்குச் சாரல் அடிக்கும் பக்கம் மறைப்புத் தேவை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் இருந்தால், நாம் நுழையும்போது பறவை தப்பிப் போகாது. துத்தநாகம் பூசிய புதுக்கம்பியைப் பறவை கொறித்தால் நஞ்சாகும். ஆதலால் முதலில் அதனை வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

படிப்படியாகப் பழக்குதல்

முதல் வாரம்: காலை வேளையில் கூண்டோடு தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் வைக்கவும். பூனையும் காகமும் அணுகாதபடி ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். கூண்டின் ஒரு பாதி எப்போதும் நிழலில் இருக்கட்டும்.

இரண்டாம் வாரம்: நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும். இளவெயில் உடலில் வைட்டமின் டி உண்டாகத் துணைபுரியும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கு அந்த ஆற்றல் இல்லை.

மூன்றாம் வாரம்: பகலில் கூண்டைப் பறவைக் கூடத்தினுள் தொங்கவிட்டு, மாலையில் வீட்டிற்குள் எடுத்து வரவும்.

நான்காம் வாரம்: கூடத்தினுள் கூண்டின் கதவைக் காலையில் திறக்கவும். மாலையில் திறந்தால் இருட்டுமுன் அமரும் கிளையைக் கண்டுகொள்ளாமல் பறவை வலையில் மோதும். கொய்யா அல்லது வேப்பங்கிளைகளை முதலில் நெருக்கமாகக் கட்டி, பறக்கும் வலு கூடக்கூட விலக்கிக் கட்டலாம். பழைய கூண்டையும் தினை, சாமை, தண்ணீர், கடல் நுரை ஆகியவற்றையும் பழகிய இடத்திலேயே விட்டு வைக்கவும்.

கூடத்தில் வேறு பறவைகள் இருந்தால், புதிய பறவையை முதலில் 30 நாள் தனி அறையில் வைத்துக் கவனிப்பது நோய் பரவாமல் காக்கும். கூட்டமாய் வாழும் இயல்புடைய பறவையாதலால், பின்னர் அதற்குத் துணை இருப்பது நலம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வாய் திறந்து மூச்சிரைத்து, சிறகை உடலினின்று அகற்றி வைத்திருந்தால் வெப்பம் மிகுந்தது என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் குந்தியிருப்பதும், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவதும் நோயின் அடையாளங்கள். இப்பறவையின் எடை 30 முதல் 40 கிராம் வரையே. 4 கிராம் குறைந்தாலும் பத்தில் ஒரு பங்கு போயிற்று! கால்நடை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. பறவைகள் நோயை இயன்றவரை மறைக்கும் இயல்புடையவை; நாம் காணும்போது நோய் முற்றியிருக்கும்.

நாம் கற்கும் பாடம்

பறவைகளைச் சகோதரிகள் என்று அழைத்தவர் புனித பிரான்சிஸ் அசிசியார். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைச் சுற்றுச்சூழல் காப்போரின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் அன்பைப் போற்றும் நாம், அன்போடு பொறுமையையும் சேர்த்துக் கற்க வேண்டும். கதவைத் திறக்க ஒரு நொடி போதும். திறந்த கதவின் வழியே அச்சமின்றிப் பறந்து செல்லப் பறவைக்கு ஒரு மாதம் வேண்டும். அந்த ஒரு மாதமும் நாள்தோறும் அதன் அருகில் இருப்பதே உண்மையான ஜீவகாருண்யம்.