கறையானும் மூங்கில் வண்டும்

கூரைவீட்டுக் கழிகள் நாளடைவில் இற்று முறியக் காணும் குடியானவர், "கறையான் அரித்துவிட்டது" என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆயினும் எல்லாச் சேதமும் கறையானால் உண்டாவதன்று. மூங்கிலை உளுக்கச் செய்வது பெரும்பாலும் ஒரு சிறு வண்டேயாகும். இவ்விரு ஜந்துக்களும் காட்டில் பட்டுப்போன மரம், மூங்கில் முதலியவற்றைத் தூளாக்கி மண்ணோடு சேர்ப்பவை. காட்டில் நன்மையாயுள்ள அத்தொழிலே வீட்டில் நஷ்டமாகிறது. இரண்டிற்கும் பரிகாரம் வெவ்வேறாதலால், சேதம் எதனால் உண்டாயிற்றென்று முதலில் அறிதல் அவசியம்.

கறையான்: வெள்ளை எறும்பு என்று வழங்கினும் இது எறும்பினத்தைச் சேர்ந்ததன்று, கரப்பானுக்கு உறவுடையது. ஆயிரக்கணக்காகக் கூடி வாழும். அரசி முட்டையிடும், வேலைக்காரக் கறையான் உணவு தேடும், போர்வீரக் கறையான் காவல் காக்கும். மழைக்குப்பின் கிளம்பும் ஈசல் இதன் சிறகு முளைத்த நிலையே. இதற்குப் புழுப்பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் இல்லை. மெல்லிய உடலாதலால் வெயிலும் வறட்சியும் தாங்காது. ஆகையால் தரையிலிருந்து மண்குழாய் கட்டி, அதனுள்ளேயே மரத்திற்கு ஏறும்.

மூங்கில் வண்டு: அங்குலத்தில் எட்டிலொரு பங்கு நீளமுள்ளது, தடித்த மேற்சிறகால் மூடிய உடலுடையது. இதற்கு அரசியுமில்லை, புற்றுமில்லை. வெட்டிய மூங்கிலைத் துளைத்துப் பெண்வண்டு முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்னும் 4 பருவங்கள் இதற்குண்டு. மூங்கிலிலுள்ள மாவுச்சத்தே இதன் உணவு. மண்ணின் தொடர்பு வேண்டாமையால், உயரத்திலுள்ள உலர்ந்த கழியையும் கெடுக்கும்.

அடையாளம்: கழியின்மேல் மண்பூச்சோ மண்குழாயோ காணின் கறையான். ஊசித்துளைகளும், தரையில் உதிர்ந்த மாவுபோன்ற தூளும் காணின் வண்டு.

பரிகாரம்: கறையானுக்கு மண்ணின் தொடர்பை அறுத்தலே முக்கியம். தூண்களை நேரே மண்ணில் நடாமல் கல்லின்மேல் நிறுத்துக. சுவரோரத்தில் விறகும் சருகும் குவிக்கலாகாது. மண்குழாய்களை அடிக்கடி பார்த்து இடித்துவிடுக. இவை வண்டைத் தடுக்கமாட்டா. வண்டுக்கு, வெட்டிய மூங்கிலை உடனே குளத்திலோ ஓடையிலோ 4 முதல் 12 வாரம்வரை அமிழ்த்திவைத்துப் பின் உலர்த்துக; மூங்கிலிலுள்ள மாவுச்சத்து குறைந்துவிடும். உளுத்த கழியைப் புதிய கழிகளுடன் அடுக்காமல் எரித்துவிடுக.

கூரை மாற்றும் செலவு ஏழைக் குடும்பத்திற்குச் சிறிதன்று. கழி ஏற்றுமுன் செய்யும் இச்சிறு வேலை அச்செலவைப் பல ஆண்டு தள்ளிவைக்கும்.