மேலிருந்து பார்ப்பதா, கீழிருந்து பார்ப்பதா?

நம் பெற்றோர் அரும்பாடுபட்டுச் சேர்க்கும் பணத்தை எங்கே முதலீடு செய்வது? பங்குகளில் முதலீடு செய்வோர் இதற்கு இரு வழிகளைக் கையாளுகின்றனர். அவற்றை நம் ஊர் வழக்கைக் கொண்டே அறிந்து கொள்வோம்.

வெள்ளகோவிலுக்கு அருகிலுள்ள கண்ணபுரம் மாட்டுச் சந்தையை நாம் அறிவோம். காங்கயம் காளை வாங்க வரும் ஒருவர், "இந்த வருசம் மழை எப்படிங்க? கொறங்காட்டில் புல் நிக்குமா? தீவனம் என்ன விலை?" என்று விசாரித்த பின்னரே சந்தைக்குள் நுழைவார். மற்றொருவர் நேரே காளையிடம் சென்று பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி, திமில், நடை ஆகியவற்றை ஆராய்வார். முன்னவர் வழி மேலிருந்து கீழ் நோக்குவது. பின்னவர் வழி கீழிருந்து மேல் நோக்குவது.

முதல் வழியினர் உலகப் பொருளாதாரம், நாட்டின் வட்டி விகிதம், விலைவாசி ஆகியவற்றை ஆராய்வர். பின் வளரக்கூடிய தொழிலையும், இறுதியில் அத்தொழிலில் ஒரு நிறுவனத்தையும் தேர்ந்தெடுப்பர். இரண்டாம் வழியினர் நிறுவனத்தின் விற்பனை, இலாபம், கடன், நிர்வாகத்தின் நேர்மை ஆகியவற்றையே முதலில் ஆராய்வர்.

இவற்றுள் எது சிறந்தது? திருப்பூரைப் பார்ப்போம். 2005 ஜனவரி 1 முதல் உலக ஜவுளி வாணிபத்தில் கோட்டா முறை நீங்கியது. பின்னலாடைத் தொழிலுக்கு வாய்ப்பு பெருகும் என்பதை மேலிருந்து நோக்கியவர் எளிதில் உணர்ந்தனர். ஆனால் நொய்யல் ஆறு மாசுபட்டதால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. "இந்தச் சாயக்கழிவு எங்கே போகிறது?" என்று பட்டறை வாசலில் நின்று கேட்டவருக்கே அந்த ஆபத்து முன்கூட்டிப் புலப்பட்டிருக்கும்.

கீழிருந்து நோக்குவதிலும் குறை உண்டு. 2008-ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியில், நன்கு நடந்து வந்த நிறுவனங்களின் பங்குகளும் விலை வீழ்ந்தன. காளை நல்லதாயினும் பஞ்ச காலத்தில் அது மெலியத்தானே செய்யும்!

இரண்டு வழிகளையும் மறந்தால் என்ன நேரும் என்பதை நம் கொங்கு நாடே கண்டது. பெருந்துறைப் பகுதி ஈமு கோழி நிறுவனங்கள், பணம் கட்டுவோருக்கு மாதந்தோறும் தொகை தருவதாக வாக்களித்தன. 2012-இல் அவை நொடித்தன. பல குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. "ஈமு கறிக்கும் எண்ணெய்க்கும் நாட்டில் சந்தை உண்டா?" என்பது மேலிருந்து கேட்கும் கேள்வி. "எங்களுக்குத் தரும் பணம் எந்த விற்பனையிலிருந்து வருகிறது?" என்பது கீழிருந்து கேட்கும் கேள்வி. இவற்றில் ஒன்றுக்கு நேர்மையான விடை தேடியிருந்தாலும் அப்பணம் தப்பியிருக்கும்.

ஆகவே தோழியரே, வானத்தையும் பார்ப்போம். காளையின் பல்லையும் பார்ப்போம். வீட்டில் பணம் பற்றிப் பேச்சு வரும்போது, "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காமல் இவ்விரு கேள்விகளையும் பணிவோடு கேட்போம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் மொழி அன்றோ!