செம்பாட்டு மண்ணும் இருவகைப் பசளையும்

வலிகாமத்துச் செம்பாட்டு ஊர்களை எண்ணப் புகுவோர் இணுவிலை விட்டு எண்ணுவதில்லை. கோயில்களாலும் தவில் நாதசுவரக் கலைஞராலும் பெயர்பெற்ற இவ்வூர் தன் தோட்டங்களாலும் அதேயளவு பெயர்பெற்றது. விழாமலரிலே சமயமும் இலக்கியமும் இருக்க, எருவைப்பற்றி எழுதுவது தகுமோ என்று நண்பரொருவர் எம்மைக் கேட்டார். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்றவருட் பலருக்குக் கொப்பியும் புத்தகமும் வாங்கித்தந்தது புகையிலைக் காசும் வெங்காயக் காசுமே என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். அன்றியும், வள்ளுவரே உழவு அதிகாரத்தில் எருவை இருமுறை எடுத்துப் பேசியிருக்கின்றார். உழுத புழுதியை நன்கு உணங்கவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமென்று ஒரு குறளிற் கூறியவர், அடுத்த குறளிலேயே எருவை உழவுக்கு மேலாக வைக்கின்றார். இவ்விரண்டையும் எங்ஙனம் பொருத்துவது என்று வகுப்பில் நாம் ஆசிரியரைத் தொல்லைப்படுத்தியது பழைய மாணவர் சிலருக்கேனும் நினைவிருக்கும்.

எருவின் பக்கம் நிற்போர் இரசாயனப் பசளை மண்ணைக் கொல்லும் என்கின்றனர். மூட்டைப் பசளையின் பக்கம் நிற்போர் எருவை நம்பினால் அடுப்பு எரியாது என்கின்றனர். இருசாராரும் பயிரையும் மண்ணையும் மட்டுமே பார்க்கின்றனர். யாழ்ப்பாணத்திலே மூன்றாவதாக ஒன்றுண்டு, அது கிணறு. எருவையும் இரசாயனப் பசளையையும் சேர்த்து, அளவறிந்து இடவேண்டும் என்று யாம் கூறுவதற்குத் தலையாய காரணமும் கிணறே.

முதலில் எம் முன்னோர் செய்ததைச் சொல்வோம். செம்பாட்டு மண் கையில் எடுத்தாற் குங்குமம்போல் அழகாயிருக்கும். ஆயினும் அதில் மக்கிய சேதனப் பொருள் மிகக் குறைவு. எமது வெயிலில் மண்ணில் இட்ட இலையும் சாணமும் விரைவிற் சிதைந்து மறைந்துவிடும். ஆகையால் ஆண்டுதோறும் புதிதாக இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்கெனவே ஆடுமாடுகளைத் தோட்டத்திற் பட்டி அடைத்தனர். வன்னிக் காட்டிலிருந்து வண்டி வண்டியாகக் குழை வந்தது. பூவரசங்குழை, காவிளாய் முதலியன வெட்டிய சாலிலே தாழ்க்கப்பட்டன. சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது மடக்கினர். எல்லாவற்றிலும் சுவையானது பனையோலையின் கதை. வேலியடைப்புக் காலத்திற் புது ஓலை வேலிக்கு ஏறும். பழைய ஓலை தோட்டத்துக்குப் போகும். கூரை வேய்ந்தாலும் அப்படியே. வேலியும் கூரையும் ஊரின் எருக்களஞ்சியமாயிருந்தன என்றாலும் மிகையன்று.

இக்களஞ்சியம் எப்படி ஒழிந்தது? எவரும் எருவை வெறுத்து ஒதுக்கவில்லை. ஓலைவேலி மதிலாயிற்று, ஓலைக்கூரை ஓடாயிற்று. துலா மிதித்து இறைத்த இடத்திற்கு 1950களில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பின்னர் உழவு இயந்திரம் வந்தது. எருது போகவே சாணமும் போயிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது, ஒரே நிலத்தில் ஆண்டிற்கு இரண்டு மூன்று போகம் எடுக்க ஆசை பிறந்தது. அவ்வாசையை நிறைவேற்றியது மூட்டைப் பசளை. அதைக் குறைகூறுதல் நன்றியன்று. எம்மிற் பலரை அதுதான் படிப்பித்தது.

மூட்டையின் வலிமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மாட்டெருவில் ஏறக்குறைய அரைப் பங்குதான். மரக்கறித் தோட்டத்துக்கு ஹெக்ரேயருக்குப் பத்துத் தொன் எரு என்பது பலவிடத்தும் சொல்லப்படும் அளவு. எங்கள் கணக்கில் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 250 கிலோ. அவ்வளவையும் சுமந்து கொட்டினால் மண்ணுக்குச் சேரும் நைதரசன் ஒன்றேகால் கிலோ. அதே நைதரசன் மூன்று கிலோவுக்கும் குறைந்த யூரியாவில் இருக்கின்றது. எருவிலுள்ளதோ முதற்போகத்தில் ஒரு பகுதியே பயிருக்கு எட்டும். எஞ்சியது மெல்ல மெல்ல வெளிப்படும். இதைக் கண்ட கமக்காரன் வண்டியை விட்டு மூட்டையைத் தூக்கியதில் வியப்பென்ன?

ஆனால் எரு வெறும் நைதரசப் பொதியன்று. மண் துணிக்கைகளைத் திரள்களாகக் கட்டுவதும், இறைத்த நீரைப் பிடித்துவைப்பதும், நுண்ணுயிருக்கு உணவாவதும், இரும்பும் கல்சியமும் கட்டிப்போட்ட பொசுபரசை இளக்கிப் பயிருக்குக் கொடுப்பதும் அதன் தொழில். எரு குறைந்த மண்ணில் யூரியாவை இட்டால் அது சில நாட்களிலே அமோனியமாகி, சில கிழமைகளுள் நைத்திரேற்றாகிவிடும். அமோனியத்தைக் களியும் மக்கும் பிடித்துக்கொள்ளும். நைத்திரேற்றையோ எதுவும் பிடித்துக்கொள்ளாது. அது நீரோடு நீராய்க் கீழே இறங்கும்.

கீழே என்ன இருக்கின்றது? வேறு நாட்டிலானால் ஆழமான களியோ பாறையோ இருக்கலாம். இங்கே சில அடி செம்மண்ணின் கீழ் வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்க்கு அக்கல்லின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டுக்குக் குடிநீர் அக்கல்லினுள் மழையாற் சேர்ந்த நன்னீரே. யாழ் நகருக்குக் குழாய்நீர் கொடுத்த கிணறுகள் நெடுங்காலமாக எமக்கு அயலான கோண்டாவில், திருநெல்வேலி முதலிய தோட்டப் பகுதிகளிலேயே இருந்தன. எனவே தோட்டத்தில் இட்டது தோட்டத்தோடு நிற்பதில்லை. தோட்டம் நெருங்கிய இடங்களின் கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை 1980கள் முதலே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வளர்ந்தவரினும் புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைக்கே ஆபத்து அதிகம். குருதியின் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம்பாரிக்கலாம். எம் இல்லத்தில் ஒரு பேரக்குழந்தை பிறந்தபோது, மருத்துவரின் சொற்கேட்டுக் கிணற்றுநீரைச் சோதிக்கக் கொடுத்தோம். மூன்று தலைமுறை ‘அமிர்தம்’ என்று குடித்த நீர் அந்த எல்லைக்கு மேலே நின்றது. ‘நாம் கொதிக்கவைத்துத்தானே கொடுக்கின்றோம்’ என்று வீட்டார் சொன்னார்கள். கொதித்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுவதே உண்மை. அன்றுதொட்டு அப்பிள்ளைக்கு வேறிடத்து நீர் வந்தது. எம் தோட்டத்துப் பசளைக் கணக்கையும் அன்றுதான் முதன்முறையாகத் தாளில் எழுதிப் பார்த்தோம்.

அப்படியானால் இரசாயனப் பசளையை அறவே நிறுத்திவிடலாமே என்பர். அந்தச் சோதனையை நாம் இருமுறை விரும்பாமலே செய்து முடித்துவிட்டோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு அனுப்பத் தடைசெய்த பொருட்களுட் பசளையும் எரிபொருளும் இருந்தன. யூரியா மூட்டை கண்ணிற் காணாப் பொருளாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயரும் வரை இருக்கின்ற குப்பையையும் குழையையும் கொண்டு தோட்டம் செய்தோர் உண்டு. ஊர் பட்டினியாற் சாகவில்லை. ஆனால் அவ்விளைச்சலை எவரும் பெருமையாகச் சொன்னதும் இல்லை. இரண்டாவது முறை நாடு முழுவதற்கும் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்தது. தளர்ந்தும் காலம் கடந்துவிட்டமையால் 2021–22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. எருவைப் பெருக்கும் ஏற்பாட்டை முன்னே செய்யாது மூட்டையைப் பின்னே பறித்ததன் பலன் அது. சேதனப் பசளையின் பெயரையும் அது கெடுத்துவிட்டது. இன்றும் அச்சொல்லைக் கேட்டாற் சிரிக்கும் கமக்காரர் பலர்.

வெளிநாட்டார் இவ்வழக்கை எப்போதோ வயலில் இட்டுப் பார்த்துவிட்டனர். இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட்டில் 1843ஆம் ஆண்டில் லோஸ், கில்பேட் என்னும் இருவர் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கின்றது. லோஸ் என்பவர் சுப்பர்பொசுபேற்று செய்து விற்ற வணிகர் என்பது வேடிக்கை. ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்ரேயருக்கு 35 தொன் எரு. வேறு பாத்திகளுக்கு உப்புப் பசளை. நூறாண்டுக்கு மேலாக இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவிற் கோதுமை தந்தன. எருவிட்ட பாத்தியிலே மண்ணின் சேதனக் காபன் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. புதிய உயர்விளைச்சல் இனங்கள் வந்தபின், எருவோடு ஓரளவு நைதரசப் பசளையும் பெற்ற பாத்திகள் முந்திக்கொண்டன. எருப்பற்றாளர் மறைக்க விரும்பும் செய்தியும் அங்கே உண்டு: அந்தப் பெருமளவு எரு பெற்ற பாத்தியிலிருந்து கீழே கசிந்த நைத்திரேற்றும் மிகுதியே. தமிழகத்திற் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியும் 1909ஆம் ஆண்டிலே இத்தகைய நிலையான பசளைச் சோதனையைத் தொடங்கியது. இந்தியாவின் பல மண்களில் 1970களின் தொடக்கம் முதல் நடந்துவரும் நீண்டகாலச் சோதனைகளிலும் முழு உப்புப் பசளையோடு எருவும் பெற்ற பாத்திகளே பெரும்பாலும் முன்னிற்கின்றன.

இனி, சேர்க்கும் முறையைச் சொல்வோம். எருவும் குழையும் அடிப்பசளை. நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னே மண்ணுட் சேரவேண்டும். காய்ந்த பனையோலை, வைக்கோல் போன்றவற்றிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்ளும். அப்போது நட்ட பயிர் மஞ்சளித்து நிற்கும். இந்த இடத்திற்றான் ஒரு சிறங்கை யூரியா தன் முழு மதிப்பையும் காட்டுகின்றது. நுண்ணுயிர் அதை உண்டு தம் உடலில் வைத்திருந்து, பின்பு பயிருக்கு விடும். உப்பாகப் போட்டால் ஓடிவிடக்கூடியது எருவின் துணையாற் தங்கிவிடுகின்றது.

எருவிலிருந்து வரும் நைதரசனைக் கழித்தே மூட்டையின் அளவைத் தீர்க்கவேண்டும். எம் ஊரில் நடப்பது கூட்டல், கழித்தல் இல்லை. கோழியெருவையும் வாரிக் கொட்டி, யூரியாவையும் முழு அளவில் வீசுவோர் இருவகையாலும் கிணற்றைக் கெடுக்கின்றனர். யாமும் அப்படிச் செய்தவரே. ஒருமுறை வெங்காயத்துக்கு இரண்டையும் அள்ளியிட்டோம். தாள் கரும்பச்சையாய் எழுந்து நின்றதைப் பார்த்து ஊரார் புகழ்ந்தனர். கிழங்கோ கழுத்துத் தடித்து, கட்டித் தூக்கிய சில கிழமைகளில் அழுகி மணத்தது. கரும்பிலும் பிந்தி இட்ட நைதரசன் தண்டை வளர்த்துச் சர்க்கரையைக் குறைக்கும். புகையிலைக்கு வேறொரு நுணுக்கம் உண்டு: குளோரைட்டு கலந்த பொற்றாசியப் பசளை இலையின் எரியுந்தன்மையைக் கெடுக்கும், சல்பேற்று வகையே ஏற்றது. அடுப்புச் சாம்பலையும் அமோனியம் சல்பேற்றையும் ஒன்றாகக் கலந்து வைப்போர் சற்று முகர்ந்து பார்ப்பாராக. மூக்கைத் துளைக்கும் அந்த மணம் காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றிற் போகும் மணம்.

மேற்பசளையை ஒரேயடியாக இடாது மூன்று நான்காகப் பிரித்திடுக. இட்டபின் நீர் மட்டாக வேண்டும். துலாவால் இறைத்த காலத்தில் உடம்பு நோவே அளவுகோலாயிருந்தது. இயந்திரத்துக்கு நோவு கிடையாது, பாத்தி நிரம்பி வழிந்தும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி மிகையாக ஓடும் நீர்தான் நைத்திரேற்றைக் கிணற்றுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி.

எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது ஐப்பசி கார்த்திகை மழை. அம்மழைக்கு முன்னே வெறுநிலத்தில் யூரியா இடுவது நேரே கிணற்றுக்குள் இடுவதற்கு ஒப்பு. மாறாக, நிலத்தைச் சும்மா விடாது சணல் விதைத்துவிட்டால், மண்ணில் எஞ்சிய நைத்திரேற்றை அதன் வேர் வாரி மேலே கொண்டுவரும். தன் வேர்முடிச்சுகளாற் காற்றின் நைதரசனையும் சிறிது சேர்க்கும். உழுது மடக்கினால் அத்தனையும் அடுத்த பயிருக்கு. எம் தோட்டத்தில் இப்போது நாலு பரப்புக்கு இப்படிச் செய்துவருகின்றோம். கிணற்றுநீரை மாரிக்கு முன்னொருமுறையும் தை பிறந்தபின் ஒருமுறையும் சோதிக்கக் கொடுக்கின்றோம். கிணறு எம்முடையதேயாயினும் நீர் அயலாருடையதும் ஆகையால், பக்கத்துத் தோட்டக்காரர் இருவரும் இவ்வாண்டு சணல் விதை கேட்டிருக்கின்றனர்.