குடும்பத்தோடு துபாய்: கையெழுத்துக்கு முன்

துபாயில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். புது ஆளுக்கு ஆஃபர் லெட்டர் தயாராவதும், வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கு முடிப்பதும் அங்கே ஒரே மேசையில்தான். முதல் தாளில் கேட்காமல் விட்டது கடைசித் தாளில் எவ்வளவு குறைகிறது என்று அந்த மேசையில் உட்கார்ந்தால் கண்ணெதிரே தெரியும். இப்போது ஊரில் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள், "மாமா, துபாய்ல ஆஃபர் வந்திருக்கு. ஃபேமிலியோட போறேன். என்னென்ன கேக்கணும்?" என்று வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். தனியாளாகப் போகிறவர்களுக்கு இதில் பாதி வேண்டியிருக்காது.

1. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

15,000 திர்ஹம் என்றதும் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போகும். மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது என்று பார்த்ததும் பாதிப் பேர் அங்கேயே தலையாட்டிவிடுகிறார்கள். செலவும் திர்ஹத்தில்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. முதலில் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் கழியுங்கள், பிறகு மளிகை, போக்குவரத்து. கடைசியில் மிஞ்சுவதை மட்டும் ரூபாயாக்கிப் பாருங்கள். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2018 முதல் 5 சதவீத வாட் இருக்கிறது. துபாயில் ஆண்டு வாடகையில் இன்னொரு 5 சதவீதம் முனிசிபாலிட்டிக் கட்டணமாக, மின்சார-தண்ணீர் பில்லோடு மாதாமாதம் சேர்ந்து வரும். முதல் பில்லைப் பார்த்துத்தான் பலருக்கு இது தெரிகிறது.

2. மொத்தத்தை விடுங்கள், பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள்.

இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அமீரகத்தில் நமக்கு பி.எஃப். கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. வேலையை விட்டு வரும்போது கையில் வருவது கிராஜுவிட்டி. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஓராண்டு முடியாவிட்டால் ஒன்றும் வராது. (டிஐஎஃப்சி போன்ற தனி மண்டலத்தில் வேலை என்றால் முறை வேறு, அங்கே தனியாக விசாரியுங்கள்.) இந்த நாள் சம்பளத்தை பேசிக்கிலிருந்து மட்டுமே எடுப்பார்கள். அலவன்ஸ் எதுவும் அதில் சேராது.

இரண்டு ஆஃபர் லெட்டரைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் மொத்தம் 15,000. ஒன்றில் பேசிக் 6,000, மீதி வீடு, வண்டி, இதர அலவன்ஸ். இன்னொன்றில் பேசிக் 9,000. மாதாமாதம் வங்கியில் விழுவது ஒன்றுதான். ஐந்து வருடம் கழித்து வெளியே வரும்போது முதல் ஆளுக்கு 105 நாளைக்கு நாளொன்றுக்கு 200 வீதம் 21,000 திர்ஹம். இரண்டாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 300 வீதம் 31,500. ஓவர்டைம் கணக்கிலும் பேசிக்தான். 2023-இல் வந்த வேலையிழப்புக் காப்பீடும் பேசிக்கில் 60 சதவீதத்தைத்தான் மூன்று மாதம் வரை தரும். முதல் ஆளுக்கு மாதம் 3,600, இரண்டாவது ஆளுக்கு 5,400. வேலை போன நேரத்தில் அந்த 1,800 வித்தியாசம் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

மொத்தத்தை ஏற்ற மாட்டோம் என்று சொன்னால், "சரி, பேசிக்கை அறுபது சதவீதமாக்குங்கள்" என்று கேளுங்கள். கம்பெனியின் மாதச் செலவு ஒரு திர்ஹம்கூட ஏறாது என்பதால் மேனேஜர்கள் பெரிதாக மறுப்பதில்லை. முகம் சுளிப்பது எங்களைப் போன்ற கணக்குப் பிள்ளைகள்தான். அதை நீங்கள் பார்க்கப்போவதில்லை.

3. லெட்டர் இரண்டு வரும். இரண்டையும் படியுங்கள்.

ஒன்று கம்பெனியின் சொந்தத் தாளில் வருவது. மற்றது மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் வருவது. நம் ஆட்கள் அதை "லேபர் ஆஃபர்" என்பார்கள். அதை அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் வாங்கலாம், கேட்டு வாங்குங்கள். அதில் கையெழுத்திட்ட பிறகு வரும் ஒப்பந்தம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பது விதி. லேபர் ஆஃபரில் சம்பளத்தைக் குறைத்துப் போட்டு, "அது சும்மா ஃபார்மாலிட்டி, மீதியைத் தனியா தருவோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடும்ப விசா, வங்கிக் கடன், நாளைக்கு வழக்கு என்று எதற்குப் போனாலும் அந்தத் தாளில் உள்ள எண்தான் பேசும்.

பள்ளிக் கட்டணமும் குடும்ப டிக்கெட்டும் பெரும்பாலும் லேபர் படிவத்தில் இருக்காது. அவை கம்பெனி லெட்டரில், கையெழுத்தும் சீலும் வைத்து வந்தாக வேண்டும்.

4. வீட்டு அலவன்ஸ் எவ்வளவு என்பதோடு, எப்போது தருவார்கள் என்றும் கேளுங்கள்.

துபாயில் வாடகை வருடக் கணக்கு. வருடத்துக்கு 60,000 திர்ஹம் வீடு, நாலு செக் என்று வைத்துக்கொள்வோம். சாவி கைக்கு வருவதற்குள் முதல் செக் 15,000. செக்யூரிட்டி டெபாசிட் 5 சதவீதம், அது 3,000. புரோக்கருக்கு வழக்கமான 5 சதவீதமும் அதன் மேல் வாட்டும் 3,150. தேவா என்கிற மின்சார-தண்ணீர் வாரியத்துக்கு டெபாசிட் 2,000. கூட்டினால் 23,150. எஜாரி என்கிற வாடகை ஒப்பந்தப் பதிவுக்குக் கொஞ்சம் தனி. வீட்டுக்குள் போனால் பல ஃபிளாட்டுகளில் அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதுவும் இருக்காது. இத்தனையும் முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே கேட்கும் செலவு. செக் கொடுக்கவோ உங்களிடம் செக் புத்தகமே இருக்காது. எமிரேட்ஸ் ஐடி வந்து, கணக்குத் திறந்து, அதன் பிறகுதான் வங்கி தரும்.

ஆகவே மூன்று கேளுங்கள். முதல் மாதம் தங்க இடம் கம்பெனி தர வேண்டும். வீட்டு அலவன்ஸை ஆறு மாதத்துக்காவது மொத்தமாக முன்கூட்டித் தந்து பிறகு மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கம்பெனி தன் செக்கைக் கொடுக்கட்டும். இவற்றில் ஒன்றுகூட முடியாது என்கிற கம்பெனிக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று இன்னொருமுறை யோசியுங்கள். "தங்குமிடம் கம்பெனியுடையது" என்று லெட்டரில் இருந்தால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அது மூன்று பேர் படுக்கும் பேச்சிலர் அறையாக இருக்கலாம். ஃபேமிலிக்கா என்று எழுத்தில் கேளுங்கள்.

பக்கத்து ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், குறைவுதான். காலையில் அல் இத்திஹாத் சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. பள்ளிக்கூடம்.

பிள்ளைகள் இரண்டு என்றால், வாடகைக்கு அடுத்த பெரிய செலவு இதுதான். துபாயில் தனியார் பள்ளிகளைக் கவனிப்பது கேஎச்டிஏ என்ற அரசு அமைப்பு. எந்தப் பள்ளிக்கு என்ன தரம், எந்த வகுப்புக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். கம்பெனியோடு பேச உட்காரும் முன் மூன்று பள்ளிகளின் கட்டணத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால், இந்த வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடம் தள்ளி எவ்வளவு என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைவிட நம் சிபிஎஸ்இ பள்ளிகள் பொதுவாக மலிவு.

கம்பெனி "எஜுகேஷன் அலவன்ஸ் உண்டு" என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு? உச்சவரம்பு எவ்வளவு? பள்ளிக்கு நேராகக் கட்டுவார்களா, நாம் கட்டி ரசீது கொடுத்து வாங்க வேண்டுமா? பஸ் கட்டணம் சேருமா? ரசீது கொடுத்து வாங்கும் ஏற்பாடென்றால், ஒரு தவணைப் பணம் எப்போதும் உங்கள் பையிலிருந்து வெளியே நிற்கும்.

6. காப்பீட்டு அட்டை நாலு பேருக்கும் வேண்டும்.

துபாய்ச் சட்டப்படி ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது கம்பெனியின் பொறுப்பு. மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது அவர்களை ஸ்பான்சர் செய்கிறவரின் பொறுப்பு. அதாவது உங்கள் பொறுப்பு. கம்பெனியின் குரூப் பாலிசியிலேயே அவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், தனியாக எடுப்பதைவிடப் பெரும்பாலும் சகாயமாக வரும். வீட்டில் குழந்தை எதிர்பார்ப்பு இருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் இருந்தாலோ, அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

7. டிக்கெட் யாருக்கு, எந்த ஊருக்கு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? டிக்கெட்டாகவா, பணமாகவா? பணமென்றால் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை விலையைப் பார்த்துத் தொகை கேளுங்கள். பிப்ரவரி விலையில் நாலு பேர் திருச்சிக்கு வர முடியாது.

8. வீட்டில் இன்னொரு சம்பளம் நிற்கப்போகிறதா?

மனைவி சென்னையிலோ கோவையிலோ சம்பாதித்துக்கொண்டிருந்தால், அந்த வேலையை விடுவதும் உங்கள் பேக்கேஜில் ஒரு செலவுதான். இதைக் கணக்கில் எழுதுகிற ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கணவரின் விசாவில் இருந்துகொண்டே, வேலைக்கு எடுக்கும் கம்பெனி வொர்க் பர்மிட் எடுத்தால் மனைவி வேலை பார்க்கலாம். ஆனால் வேலை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஒரே சம்பளத்தில் வண்டி ஓடுமா என்று பாருங்கள். ஆஃபர் வந்திருப்பது மனைவிக்கு என்றாலும் இதே கணக்குதான்.

குடும்ப விசாவுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000-மும் தங்குமிடமும். விசா கிடைக்கும் என்பது வேறு, அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளோடு மாதத்தை ஓட்டுவது வேறு.

9. கேட்கும் விதம்.

ஹெச்ஆர் முதலில் கேட்பது "இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்பது. பொய் சொல்லாதீர்கள், பே ஸ்லிப் கேட்பார்கள். எண்ணைச் சொல்லிவிட்டு உடனே சேர்த்துச் சொல்லுங்கள்: "இது சென்னைச் செலவுக்கான சம்பளம். அங்கே இந்தப் பொறுப்புக்கு உங்கள் கிரேடு எவ்வளவு என்று சொல்லுங்கள். என் குடும்பத்தில் நாலு பேர்." அதோடு நிறுத்துங்கள். நம் பிள்ளைகள் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு விநாடி பேசாவிட்டால், "பரவாயில்லை சார், முடிஞ்சா பாருங்க" என்று தாங்களே இறங்கிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் அநேகமாகக் கம்ப்யூட்டரில் ஏதோ தேடிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

வேண்டியதையெல்லாம் ஒரே தடவையில் கேளுங்கள். இன்று வீடு, நாளை டிக்கெட், மறுநாள் பள்ளி என்று போனால் மூன்றாவது மெயிலில் அவர்களுக்குச் சலித்துவிடும். கிரேடுக்கு மேல் சம்பளம் தர ஹெச்ஆருக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் ஒருமுறை மட்டும் கொடுக்கும் தொகைக்கு, அதாவது இடமாற்றச் செலவு, முதல் மாதத் தங்கல், வீட்டு முன்பணம் போன்றவற்றுக்கு, மேனேஜர் ஒருவரின் கையெழுத்தே பல இடங்களில் போதும். சம்பளத்தில் கதவு அடைபட்டால் அந்தப் பக்கம் போங்கள்.

போனில் சொன்ன எதையும் அன்றைக்கே மெயிலாக்குங்கள். இப்படி எழுதினால் போதும்: "இன்று தொலைபேசியில் பேசியபடி, என் மனைவி மற்றும் இரண்டு பிள்ளைகளின் விசா, மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு ஒருமுறை திருச்சி சென்றுவர டிக்கெட் ஆகியவை கம்பெனியின் செலவு எனப் புரிந்துகொண்டேன். இவற்றை ஆஃபர் லெட்டரில் சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்." உங்கள் சொந்த விசாச் செலவும் ஆளெடுக்கும் செலவும் சட்டப்படியே கம்பெனியுடையவை. அதற்காக யாரேனும் பணம் கேட்டால் அந்த வேலையே வேண்டாம்.

10. சேரும் தேதியும் பேரத்தில் சேர்ந்ததுதான்.

நம் வருமான வரிக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் என்ஆர்ஐ ஆகிறார். செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் விமானம் ஏறினால் பெரும்பாலும் கவலையில்லை. அக்டோபருக்குத் தள்ளிப்போனால், அந்த ஆண்டுத் துபாய்ச் சம்பளத்தின் மீதும் இங்கே வரிக் கேள்வி எழலாம். தேதியை ஒப்புக்கொள்ளும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள். அங்கே சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் திறக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்னால் போய், குடும்பம் ஆண்டுத் தேர்வு முடிந்து வருவது நல்லது என்பது என் அபிப்பிராயம். தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம், அதுவும் அதற்குள் கழிந்துவிடும். ஆனால் குடும்பத்துக்கான சலுகைகள் நீங்கள் சேரும் நாளிலிருந்தே லெட்டரில் இருக்கட்டும்.

11. சான்றிதழ் அட்டெஸ்டேஷன் செலவையும் கேளுங்கள்.

பட்டம், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படியேறி, கடைசியில் அங்கேயும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். நம் வீடுகளில் வருகிற சிக்கல் இனிஷியல். மனைவிக்குத் திருமணச் சான்றில் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் இனிஷியலே இல்லாமல். ஆஃபர் வந்த அன்றே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

12. திரும்பி வரும் செலவு.

சேரும்போது கொடுத்த இடமாற்றத் தொகையை, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பல லெட்டர்களில் ஒரு வரி இருக்கும். அது நீங்களாக விலகினால் மட்டுமா, கம்பெனி அனுப்பினாலுமா என்று கேட்டு, "ஊழியர் தானாக விலகினால் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். வேலை போனால் குடும்பத்தின் திரும்பும் டிக்கெட் யாருடையது என்றும் எழுதி வாங்குங்கள். பள்ளித் தவணையின் நடுவில் அது நடந்தால், கட்டிய கட்டணத்தைக் கம்பெனி உங்களிடம் திருப்பிக் கேட்காது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் ஏறி, கையெழுத்தான லெட்டர் கையில் வந்த பிறகு இங்கே ராஜினாமா கொடுங்கள். அதுவரை அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.