பாலாற்று வெள்ளமும் நிவாரண லாரிகளும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பாலாறு வறண்ட ஆறு. வெள்ள நிவாரணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு எதற்கு?

உண்மை: 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியில் சுமார் 200 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் நினைவுத் தூண் அந்த ஊரில் இருக்கிறது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. அந்த மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள்.

நம்பிக்கை: தொண்டு அமைப்புகள் எவ்வளவு அதிகமாக வருகின்றனவோ அவ்வளவு சீக்கிரம் ஊர் மீளும்.

உண்மை: 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து குவிந்தன. வண்டி எளிதாகப் போகும் ஊர்களுக்கே மீண்டும் மீண்டும் சாமான் போனது, உள்ளே இருந்த குப்பங்கள் காத்துக் கிடந்தன. யாரும் கேட்காத பழைய துணி சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்தது. அதை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிவிட்டது.

அந்தக் குழப்பத்துக்கு நடுவே சில நாட்களில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே மீனவர்களோடு வேலை செய்துவந்த ‘சினேகா’ அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்கை எடுத்து, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை, யார் எதை ஏற்றுக்கொண்டார்கள், எது இன்னும் பாக்கி என்ற விவரம் அங்கே திரண்டது. தங்குமிடம், பிழைப்பு, குழந்தைகள் என்று துறைவாரியாக அமைப்புகள் கூடிப் பேசின. வந்தவர்களிடம் பணமும் மனசும் இருந்தன. ஊரைப் பற்றிய தகவல் இல்லை. மையம் கொடுத்தது அந்தத் தகவலைத்தான்.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இதே கதை நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை பாலாற்றை ஒட்டியே போகிறது. லாரிகள் நிற்பது அந்தச் சாலையோரத்தில்தான். மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு எத்தனை வண்டி திரும்பும்?

நம்பிக்கை: ஒருங்கிணைப்பு என்றால் கலெக்டர் ஆபீசுக்கு அடங்கிப் போவது.

உண்மை: 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். தொண்டு நிறுவனங்களின் பங்கேற்பை ஊக்குவிப்பதும் அந்த ஆணையத்தின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. சாதி, மதம், பால் பார்த்து நிவாரணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் சாமானை நீங்களே கொடுக்கலாம். எங்கே, யாருக்கு என்று எல்லோரும் பார்க்கிற ஒரே பட்டியலில் எழுதினால் போதும்.

இங்கே கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூருக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரில் தங்கியது. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டையில் சேர்ந்தன. ஆறு ஒன்று, கலெக்டர் அலுவலகம் மூன்று. ஆம்பூரில் வேலை செய்யும் அமைப்புக்குப் பேரணாம்பட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மூன்று மாவட்டப் பட்டியல்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும். மழைக்கு முன்பே ஜமாத், சர்ச், மகளிர் சுய உதவிக் குழு, தோல் தொழிற்சாலை உரிமையாளர்கள் எல்லோரும் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் இது முடியும்.

நம்பிக்கை: தண்ணீர் வடிந்தால் வேலை முடிந்தது.

உண்மை: அப்போதுதான் நீண்ட வேலை ஆரம்பிக்கிறது. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். வீடு நனைந்தால் தைக்கும் இடமும் போச்சு, கூலியும் போச்சு. கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவரை இழப்புக் கணக்கு எடுப்பவர் தேடி வரமாட்டார். அரிசி மூட்டை கொடுப்பதைவிட இவர்களைப் பட்டியலில் ஏற்றுவது பெரிய உதவி என்றே நான் நினைக்கிறேன். ஊறிய மண்சுவர் வீடுகளையும் அந்தப் பட்டியலில் குறிக்க வேண்டும்.

நம்பிக்கை: பிளீச்சிங் பவுடர் போட்டால் கிணறு சுத்தம்.

உண்மை: கிருமி சாகும்; டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவிலிருந்து கிணற்றில் இறங்கிய உப்பும் குரோமியமும் போகாது, காய்ச்சினாலும் போகாது. டேனரிகள் அருகில் உள்ள கிணறுகளைப் பரிசோதிக்கும்வரை லாரித் தண்ணீர்தான் வழி. டேனரித் தொட்டிகளையும் கழிவுக் குழிகளையும் சுத்தம் செய்யத் தொண்டர்களை இறக்கவே கூடாது. உள்ளே தேங்கும் விஷவாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்க்கும்; காப்பாற்ற இறங்குபவரும் சாவார்.

அடுத்த முறை லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அழையுங்கள். எந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்டு, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.